எட்டு வினாடிக்குள்ள ஒருத்தரை அடைக்காதீங்க

விளையாட்டு உலகின் சோகத் தோல்விகள்னு யூடியூப்ல ஏதாவது வீடியோ பார்த்திருந்தீங்கன்னா, இவரையும் பார்த்திருப்பீங்க. உருண்டைக் கண்ணாடி, பின்னால கட்டின பொன்னிற முடி, பாரிஸ் ரோட்டுல சைக்கிளை விட்டு இறங்கி அப்படியே சரிஞ்சு விழுவார். பெயர் லோரான் ஃபின்யோன். பிரான்ஸ் நாட்டு வீரர்.

1989 டூர் டி பிரான்ஸ், கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருத்தரும் தனித்தனியா கடிகாரத்தோட ஓட்டுற டைம் ட்ரையல். ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், கைகளை முன்னால நீட்டிச் சேர்த்து வைக்கிற டிரையத்லான் ஹேண்டில்பாரோட, வால் நீண்ட ஹெல்மெட் போட்டு வந்தார். ஃபின்யோன்கிட்ட அந்த பாரும் இல்ல, ஹெல்மெட்டும் இல்ல. லெமாண்ட் 58 வினாடியை மீட்டார். 3,285 கிலோமீட்டர், 87 மணி நேரத்துக்கும் மேல ஓடின பந்தயம் 8 வினாடியில முடிஞ்சது. அதாவது 0.0025 சதவீதம். நம்ம லேப் ரெக்கார்டுல இதை எரர்னு எழுதிட்டுப் போயிடுவோம்.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. தேவைப்படுற பவர் வேகத்தின் மும்மடியோட ஏறும். ஃபின்யோன் அன்னைக்கு எடுத்துக்கிட்டது 27 நிமிடம் 55 வினாடி. அதுல 8 வினாடி குறையணும்னா வேகம் அரை சதவீதம் கூடினா போதும். காற்றுத் தடையை மட்டும் கணக்குல எடுத்தா, அதே கால் பலத்துக்கு டிராக் சுமார் ஒன்றரை சதவீதம் குறைஞ்சிருந்தாலே சமன்.

"டெக்னாலஜியை மதிக்கல, தோத்தார்"னு வீடியோ முடிஞ்சிடும். அந்தக் குற்றச்சாட்டு தப்புன்னு நான் சொல்லல. 1984 ஜீரோ டி இத்தாலியாவுல இதே மாதிரி கடைசி நாள் டைம் ட்ரையல்ல, டிஸ்க் சக்கரங்களோட வந்த பிரான்செஸ்கோ மோசர் அவர்கிட்டேயிருந்து பட்டத்தைப் பறிச்சார். 1989 டூர்லயே அஞ்சாவது கட்டத்துல லெமாண்ட் அதே பாரை வச்சுதான் மஞ்சள் ஜெர்சியை எடுத்தார். பதில் கண்டுபிடிக்க ரெண்டு வாரத்துக்கு மேல இருந்துச்சு. சீட்ல உட்கார முடியாத அளவுக்குப் புண் இருந்தது உண்மைதான், ஆனா பார் விஷயத்துக்கு அது பதில் ஆகாது. டிசைன் ரிவ்யூவா பார்த்தா தவறு தவறுதான்.

என் சண்டை வேற இடத்துல. அந்தத் தவறையே அந்த மனுஷனோட பெயரா மாத்திடுறோம்.

1983ல, 22 வயசுல, கலந்துக்கிட்ட முதல் டூரையே ஜெயிச்சவர். அடுத்த வருஷம் ஏற்கனவே நாலு டூர் ஜெயிச்சிருந்த பெர்னார் இனோவைப் பத்து நிமிஷத்துக்கு மேல பின்னுக்குத் தள்ளினார். அந்த டூர்ல மூணாவதா வந்தது யார் தெரியுமா? லெமாண்ட்! 1985ல குதிகால் தசைநாண்ல ஆபரேஷன். பழைய ஃபார்ம் திரும்பாத வருஷங்கள். அப்புறம் 1988லயும் 1989லயும் மிலான்–சான் ரெமோ வெற்றி. அந்த 8 வினாடிக்குச் சில வாரம் முன்னாடிதான் ஜீரோ பட்டமும் ஜெயிச்சார். நாம சோகம்னு ஷேர் பண்ற அந்த வருஷம், உண்மையில அவர் மீண்டு வந்த வருஷம்.

முழுசா நினைவு வைக்கணும்னா கறையையும் வைக்கணும். ஊக்கமருந்து எடுத்ததை 2009ல வந்த தன் சுயசரிதையில அவரே ஒத்துக்கிட்டார். அடுத்த வருஷம் புற்றுநோயில 50 வயசுல இறந்தார். அப்பவும் பேச்சு எட்டு வினாடியைப் பத்திதான்.

இது பிரான்ஸ் கதை மட்டும் இல்ல மக்களே. "மேத்ஸ் அரியர்காரன்", "ஃபைனல் ரவுண்டுல போனவ"ன்னு நம்ம ஹாஸ்டல்லயும் ஆளுக்கு ஒரு எட்டு வினாடியை ஒட்டி வச்சிருக்கோம். சில பேர் தனக்குத்தானே ஒட்டிக்கிட்டு அலையறாங்க. தோல்வியை அலசுங்க, எந்த ஒன்றரை சதவீதம் விட்டுப்போச்சுன்னு கணக்கு போடுங்க. அது இன்ஜினியர் வேலை. ஆனா கணக்கு முடிஞ்சதும் நோட்டை மூடிடுங்க.

ஃபின்யோன் அதுக்கப்புறமும் 1993 வரைக்கும் ஓட்டினார். 1992 டூர்ல ஒரு கட்டத்தை ஜெயிக்கவும் செஞ்சார். அந்த வீடியோவையும் ஒரு தடவை தேடிப் பாருங்க.