மூங்கில் பிளாச்சில் ஒரு நட்சத்திரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன இடம். ஆயினும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்ய வெள்ளி வேண்டியதில்லை. அங்குள்ள லீ பஜார் மண்டிகளில் கேழ்வரகும் சாக்கும் சணலும் மரவள்ளி மாவும் வாங்கிக்கொண்டு, கூடை முடைகிறவரிடம் நான்கு மூங்கில் பிளாச்சுகளும் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தாற்போலத்தான்.

மார்கழி பிறந்ததும் கடைகளில் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் வந்து குவிகின்றன. இந்த வருஷம் அழகாய்க் கண் சிமிட்டுகின்றன. அடுத்த வருஷம் பெட்டியிலிருந்து எடுத்தால் சிமிட்ட மறுக்கின்றன. குப்பைமேட்டுக்குப் போன பிறகோ அழியவும் மறுக்கின்றன. பக்கத்து வீட்டு நட்சத்திரம் நம்முடையதைவிடப் பெரிதா என்று குழந்தைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். தகப்பனார் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் திருநாளைக் கொண்டாட ஒரு குடும்பம் கடன்படுவதைக் காட்டிலும் விசித்திரம் வேறு உண்டா?

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியாக ஒரு தமிழ்க் கிறிஸ்தவரே இருந்திருக்கிறார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா, காந்தியடிகள் 1934-ல் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். அச்சங்கம் வார்தாவில் ஆதரித்து வளர்த்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. நம் ஊரில் விளைவதும் நம் கையால் ஆவதும் இருக்க, அலங்காரத்துக்காக வெளியே அலைவானேன்?

நட்சத்திரம்: இரண்டடி நீளத்தில் வளையக்கூடிய மெல்லிய மூங்கில் பிளாச்சுகள் பத்து சீவிக்கொள்ளுங்கள். சிலாம்பு கையில் ஏறாமல் இருக்க உப்புக் காகிதத்தால் தேய்த்துவிடுவது அவசியம். ஐந்தைக் கொண்டு, கையெடுக்காமல் கோடு போடும் ஐந்துமுனை நட்சத்திரம்போல் ஒன்றை அமைத்து, முனைகளை நூலால் கட்டுங்கள். மற்ற ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டியபின், நடுவில் பிளாச்சுகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கங்குலக் குச்சி ஒவ்வொன்றை இடையே நிறுத்துங்கள். தட்டையாக இருந்தது உப்பிக்கொண்டு எழும். அதன்மேல் பட்டத்துக்கு ஒட்டும் மெல்லிய வர்ணக் காகிதத்தை ஒட்டி, பின்புறம் விளக்கு வைக்க ஒரு வாய் விட்டுவிடுங்கள். உள்ளே சூடேறாத சிறிய எல்.இ.டி. விளக்குத்தான் வேண்டும், மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

பசை: இரண்டு மேஜைக் கரண்டி மரவள்ளி மாவைச் சிறிது பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறுங்கள். கண்ணாடிபோல் ஆனதும் இறக்கிவிடலாம். கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி, இரண்டாம் உலக யுத்தத்தினால் வராமற் போன காலத்தில்தான், 1943-ல், சேலத்தில் மரவள்ளித் தொழில் வேரூன்றியது. பற்றாக்குறையில் பிறந்த அந்தச் சுதேசிச் சரக்கு, ஏழை வீட்டு நட்சத்திரத்தை ஒட்டுவது மிகவும் பொருத்தமே. பூச்சி அரிக்காதிருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் கைவைக்கும் பசையில் வேண்டாம்.

குடில்: 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே. பழைய சாக்கைக் கஞ்சியில் நனைத்து, கற்களின்மேல் போர்த்திக் காயவிட்டால் மலையும் குகையும் ஆகிவிடும். டிசம்பர் 14, 15 தேதிகளில் கேழ்வரகை இரவெல்லாம் ஊறவைத்து, தட்டில் மண் பரப்பித் தூவி, நாள்தோறும் நீர் தெளித்து வாருங்கள். நம் முளைப்பாரிக் கலைதான் இது. பண்டிகைக்குப் பசும்புல் தயார். நிழலிலேயே வைத்தால் வெளிறிவிடும்; காலை வெயில் படவேண்டும். பசுவும் கன்றும் ஆட்டிடையனும் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். அடுத்த வீட்டு மாமியின் கொலுப் பெட்டியில் அவர்கள் அடுத்த நவராத்திரி வரையில் உறங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கேட்டால் மகிழ்ச்சியுடன் கொடுப்பார். கொடுத்தவர் பார்க்கவும் வருவார். அதுவும் வீட்டுக்கு ஓர் அலங்காரமே.

மரமும் தோரணமும்: மணல் நிரப்பிய மண்தொட்டியில் ஒரு சவுக்குக் கிளை போதும். அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி பெய்ததாகப் பாவனை செய்வானேன்? சேலத்தில் பனிக்கட்டி பெய்து யார் கண்டார்கள்? அதற்குப் பதிலாகக் குகை, அம்மாபேட்டைத் தறிகளில் கழிக்கும் வர்ண நூலைக் குஞ்சம் கட்டித் தொங்கவிடுங்கள். வாசலுக்குத் தென்னங்குருத்துத் தோரணம் இருக்கவே இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்கும் விரல்கள், மார்கழியில் கிளியும் பூவும் மடிக்க மறுக்குமா?

இவ்வளவையும் அம்மா ஒருத்தியே செய்து முடித்துவிட வேண்டாம். பிளாச்சு சீவுவது அப்பாவின் வேலை. காகிதம் வெட்டுவது பிள்ளைகளின் வேலை. குறை சொல்வது தாத்தாவின் வேலை. நட்சத்திரத்தின் ஒரு முனை சற்றுக் கோணலாயிருந்தாலும் பாதகமில்லை. அதை ஒட்டிய குழந்தைக்கு அந்த முனைதான் முதலில் தெரியும்.

ஜனவரி 6-ந் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும், பொம்மைகளைத் துடைத்து மாமியிடம் திருப்பிக் கொடுங்கள். மூங்கில் சட்டத்தைப் பரணில் ஏற்றுங்கள். அடுத்த வருஷம் காகிதம் மட்டும் புதிதாய் ஒட்டினால் போதும். கேழ்வரகுப் பயிரைத் தெருவில் வரும் கன்றுக்குட்டிக்குப் போட்டுவிடலாம். பிளாஸ்டிக் புல் வாங்கியவர்களுக்கு அந்தப் புண்ணியம் கிடையாது.