யாருடைய மனதுக்குப் பயிற்சி?

'உன் கட்டுப்பாட்டில் இருப்பதை மட்டும் கவனி.' விளையாட்டு உளவியல்காரர்கள் உலகம் பூராவும் ஓதுகிற மந்திரம் இது. நடுவரின் தீர்ப்பு உன் கையில் இல்லை, காற்று உன் கையில் இல்லை, கூட்டத்தின் கூச்சல் உன் கையில் இல்லை. உன் மூச்சு, உன் பார்வை, உன் அடுத்த அடி, இவ்வளவுதான் உன்னுடையது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வில் பிடிப்பவருக்கும் பெனால்டி அடிப்பவருக்கும் இது உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. நமது கேள்வி வேறு. சாதி எந்தப் பட்டியலில் வருகிறது? காற்றோடும் மழையோடும் சேர்த்து அதையும் 'கட்டுப்படுத்த முடியாதது' என்று எழுதிவைத்துவிட்டு, 'அதை யோசிக்காதே, ஆட்டத்தைப் பார்' என்று சொல்வது மனப்பயிற்சியா, வாயை மூடச் சொல்வதா?

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் மாவட்டம் ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆட்டம் போட்டார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிப் போனதால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லி ஏசியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து கைதும் நடந்தது. அதற்கு நாலே நாள் முன்னால், ஜூலை 31 அன்று, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனவர் இவர். அந்த மே மாதம் அப்பா செத்தபோது பயிற்சி முகாமிலிருந்து வந்து முகம் பார்க்கக்கூட முடியாதவர். ஆகஸ்ட் 6 அன்று வெண்கலத்துக்கான ஆட்டம். போய் ஆடினார். அதிலும் ஒரு கோல் அடித்தார்.

இந்தப் பெண்ணுக்கு மனஉறுதி கற்றுக்கொடுக்க எவனுக்கய்யா யோக்கியதை இருக்கு? பட்டாசு வெடித்தவனின் மனதைப் பற்றி எந்த உளவியலாளர் கட்டுரை எழுதினார்?

இந்தத் துறையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1925இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுக்கூடம் அமைத்தவர் கோல்மன் கிரிஃபித். 1938இல் சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணியின் முதலாளி ரிக்லி அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். ஆட்டக்காரர்களின் மனதை, பழக்கத்தை, குணத்தை அளந்து கிரிஃபித் எழுதிய அறிக்கைகள் போய்ச் சேர்ந்தது யாரிடம்? முதலாளியிடம். அந்த ஆண்டுகளில் அந்தப் பெரிய லீக்கில் ஒரு கருப்பர்கூட ஆட முடியாது. ஜாக்கி ராபின்சன் உள்ளே வந்தது 1947இல்தான். ஆக, யார் மைதானத்துக்குள்ளேயே விடப்படவில்லையோ அவர்களைப் பற்றிக் கேள்வி எழாமலே 'வீரனின் மனம்' என்ற அறிவு உற்பத்தியாகிறது. முதலாளிக்கு அறிக்கை, வீரனுக்கு அறிவுரை. இந்த உறவு இன்றும் முழுசாக மாறிவிடவில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று தொழில் ஒழுக்க விதிகள் சொல்கின்றன, சரி. சம்பளம் கொடுப்பது சங்கமாக, தேர்வுக்குழுவாக இருக்கிறபோது விதியை நம்பி எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

நம்ம பக்கம் வருவோம். பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்து, பூனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் மைதானம் பராமரித்து, வலைப்பயிற்சியில் பந்து போட்டுப் போட்டே பெரும் பந்துவீச்சாளர் ஆனவர். பூனா இந்துக்கள் அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்கள், விக்கெட் வேண்டுமே! தேநீர் மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில். 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவரை இந்துக்கள் அணிக்குத் தலைவராக்கவில்லை. 'உன் கையில் இருப்பதை மட்டும் கவனி' என்ற பாடத்தைக் கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் பந்தை மட்டும் கவனித்துக்கொண்டு கிடந்திருக்கும். 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் இந்த அநீதியைச் சொல்லி அறிக்கை விட்டு அணியிலிருந்து விலகினார்கள். 1923இல் விட்டல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். கட்டுப்படுத்த முடியாதது என்று யார் சொன்னது?

எனக்கு நேர்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டு விடுதியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். விடுதியின் பெயர் வேண்டாம். உளவியல் படித்த ஒருத்தர் வந்தார். நல்ல மனிதர்தான். பிள்ளைகளைப் படுக்கவைத்து, கால் விரலிலிருந்து ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தச் சொன்னார். அப்புறம் மனக்காட்சி. "கண்ண மூடிக்குங்க. ஒங்க ஊர்க் கோயில் கொளத்தங்கரையில ஒக்காந்திருக்கீங்க. தண்ணி ஜிலுஜிலுன்னு இருக்கு. மெதுவா கால நனைக்கிறீங்க..." எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த கபடிப் பெண், பதிமூணு வயசு இருக்கும், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, அந்தக் கொளத்துல நாம எறங்கக் கூடாதுல்ல?" என்றாள். உடம்பு விறைத்துப்போயிருந்தது. அவள் சரியாக ஒத்துழைக்கவில்லை, கவனக் குறைவு என்று அந்த மனிதர் பிறகு பயிற்சியாளரிடம் சொன்னார்.

அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். 'அமைதியான இடம்' என்றால் எல்லாருக்கும் ஒரே இடம் என்று அவரது பாடப்புத்தகம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதே 2006இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் வகுத்த கொள்கையில், இப்படிச் சோதிக்கிற குழுவில் யார் யார் உட்கார வேண்டும் என்ற பட்டியல் இருந்தது: மகளிர் நோய் மருத்துவர், சுரப்பியியல் மருத்துவர் இவர்களோடு ஓர் உளவியலாளர். அதாவது, ஒரு பெண்ணைப் பெண்தானா என்று பார்க்க உளவியலுக்கு நாற்காலி இருந்தது. சாந்தி ஊர் திரும்பி உடைந்து கிடந்தபோது, அப்பன் ஆத்தாள் போலவே செங்கல் சூளையில் கூலிக்கு நின்றபோது, அந்த நாற்காலி எங்கே போச்சு? பயிற்சியாளர் வேலைக்கு அவர் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

இதனால் இந்தத் துறையே நமக்கு வேண்டாம் என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஓட்டம் தொடங்குமுன் நம் பிள்ளைகளுக்கும் வயிறு கலங்குகிறது; காயம்பட்டுப் படுத்தால் அவர்களுக்கும் தூக்கம் போகிறது. வசதியுள்ளவன் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்கிறான். நம் பிள்ளைகளுக்கு ஏன் கிடையாது? அரசு விடுதி ஒவ்வொன்றிலும் உளவியலாளர் வேண்டும், நம்மிலிருந்து படித்து வந்தவர்களும் அதில் இருக்க வேண்டும். முதல் நாள் அவர் கேட்க வேண்டியது, "ஒன் இலக்கு என்ன?" என்றல்ல, "இங்க யாரோட ஒக்காந்து சாப்பிடுற? ஒன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க?" என்று. பிள்ளை சொன்னது பயிற்சியாளர் காதுக்குப் போகக் கூடாது. போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று ஒரு பிள்ளை அழுதால், அந்தப் பிள்ளையும் பெற்றவர்களும் சம்மதித்தால், மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாமல் காவல் நிலையத்துக்குக் கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போட அவர் தயாரா? வேலைக்கு எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.