அப்பா ஐ.ஆர்.8

கடக்வாஸ்லா அணைக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் சுட்ட மக்காச்சோளமும் வெங்காய பஜ்ஜியும் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் பான்ஷேத் சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அரிசி வாங்குகிற ஆள். வாங்குவது பெரும்பாலும் இந்திராயணி.

"ஒட்டு ரகமாச்சே சார், நாங்க பாரம்பரிய அரிசிதான்" என்று புனே தமிழ் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். அவர் வீட்டில் ஊரிலிருந்து வருகிற கிச்சிலிச் சம்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெயரில் புழங்கிய ஜி.இ.பி.24, கோணாமணி நெல்லில் தனித்துத் தெரிந்ததைக் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் பிரித்தெடுத்து 1921-ல் வெளியிட்ட ரகம்!

இந்திராயணி 1987-ல் வந்தது, லோணாவளா போகும் வழியிலுள்ள வட்காவ் மாவள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. அம்மா ஆம்பேமோஹர் 157: மாம்பூ வாசனை, ஆனால் நெட்டைப் பயிர், காற்றடித்தால் சாயும், விளைச்சல் சொற்பம். அப்பா ஐ.ஆர்.8: குட்டை, எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். சோற்றின் ருசியை மட்டும் கேட்கக் கூடாது.

இந்தக் கல்யாணத்தை முடித்துவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. நெல் தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் பயிர். ஆகவே பூ திறக்குமுன் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்கு உறை மாட்ட வேண்டும். பிறகு மாப்பிள்ளைக் கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் உதற வேண்டும். வாசனை முதல் தலைமுறையில் ஒளிந்துகொள்ளும். அடுத்ததில் நாலில் ஒன்றில்தான் தலைகாட்டும். குட்டைத்தனமும் அப்படியே. இரண்டும் ஒரே செடியில் சேர்வது பதினாறில் ஒன்று. வாசனை எதில் என்று அறிய அரிசியை மென்று பார்ப்பார்கள். இலையை நறுக்கிக் காரக் கரைசலில் போட்டு மோந்தும் பார்ப்பார்கள். தேறியதை விதைத்து, கழித்து, மறுபடி விதைத்து, குணம் நிலைக்க ஆறேழு தலைமுறை ஆகும்.

இத்தனை பாடுபட்டவர்களை ஏதோ கலப்படக்காரர்கள்போலப் பேசுவது அநியாயம். அதேசமயம், ஆம்பேமோஹர் யாரோ விவசாயிகளின் வயலில் பிழைத்திருந்ததால்தான் அவர்களுக்கு ஓர் அம்மா கிடைத்தாள். அதற்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அந்தப் பெயரில் கடையில் விற்பதெல்லாம் அதுவல்ல. முள்ஷி பக்கம் போனால் விளைவித்தவரிடமே கேட்டு ஒரு கிலோவாவது வாங்குங்கள். இந்திராயணி வாங்கினால் குக்கரில் தண்ணீரைக் குறைத்து வையுங்கள், குழையும். புளியோதரைக்கு ஆகாது, தயிர்சாதத்துக்கு அதை அடிக்க ஆளில்லை.