சக்கர வீடு: தொங்கும் தண்ணீர்த் தொட்டி... குனிந்து பார்த்தீர்களா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது குவார்ட்ஸைட். வெயில் காலத்தில் ஆள் நடமாட்டம் குறைவான பாலைவன ஊர். குளிர்காலம் வந்துவிட்டால் நிலைமையே வேறு. பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்ற தம்பதிகள், காருக்குப் பின்னால் தங்கள் வீட்டையே இழுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். அந்த இழுவை வீட்டுக்குப் பெயர்தான் டிராவல் டிரெய்லர்.

பாலைவனத்தில் முகாம் போட்டால் குழாய் இணைப்பு கிடையாது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் டிரெய்லருக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டிதான் கதி. அதனால் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தொட்டியை முழுதாக நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து முகாமுக்கு ஓட்டிச் செல்வார்கள். சிக்கல் தொடங்குவது இந்தப் பயணத்தில்தான்.

150 கிலோ தொங்குகிறது!

40 கேலன் கொள்ளும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் சுமார் 150 லிட்டர். அதாவது தண்ணீர் மட்டுமே 150 கிலோ. இரண்டு பெரிய மனிதர்களின் எடை, வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு வருகிறது. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் தண்ணீர் உள்ளே அலைமோதும். அந்த நொடியில் தாங்கிகள் மீது விழும் சுமை 150 கிலோவைவிட அதிகம்.

மொட்டை மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் முழுத் தளமும் தாங்கலாக இருக்கும். டிரெய்லரில் பல நேரம் அப்படி இல்லை. தகரப் பட்டைகளோ, மெல்லிய இரும்புக் கோணச் சட்டங்களோ இரண்டு, மூன்று இடங்களில் மட்டும் தாங்கும். அவற்றைச் சேஸிஸோடு பிடித்திருப்பது சில சின்ன ஸ்க்ரூக்கள்தான். வருடக்கணக்கில் ஆடி ஆடி ஓட்டை பெரிதாகி, துருவும் ஏறினால் ஸ்க்ரூ கழன்றுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் உள்ளே போகும்போது காற்று வெளியே வர ஒரு காற்றுக் குழாய் இருக்கும். அதில் பூச்சி கூடு கட்டியோ, குழாய் மடங்கியோ அடைத்துக்கொண்டால், நிரப்பும்போது தொட்டி பலூன் மாதிரி உப்பும். அந்த அழுத்தத்திலேயே தாங்கிச் சட்டம் வளைந்துவிடும்.

தொட்டி நெடுஞ்சாலையில் கழன்று விழுந்தால் ஆபத்து இழுப்பவருக்கு மட்டும் இல்லை. பின்னால், குழந்தைகளோடு காரில் வரும் குடும்பத்துக்குத்தான் அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரெய்லரின் அடிவயிற்றை அட்டை போன்ற பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கும். அது ஓரிடத்தில் தொப்பை போலத் தொங்கினால் எச்சரிக்கை. ஆனால், தொங்குவது தொட்டிதான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எங்கோ குழாய் கசிந்து, தகட்டின் மேல் தண்ணீர் தேங்கியும் இருக்கலாம். கையால் மெல்ல அழுத்தினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பும். கெட்டியாக, அசையாமல் இருந்தால் தொட்டியே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

வழியில் கவனித்தால் முதல் வேலை, தொட்டியைக் காலி செய்வது. பாலைவனத்தில் தண்ணீரைக் கொட்ட மனம் வராதுதான். ஆனால் சுமை போனால் பாதி ஆபத்து போய்விடும். லாரிச் சரக்கைக் கட்டும் ராட்செட் பெல்ட்டால் தொட்டியைச் சேஸிஸோடு சேர்த்துக் கட்டி, மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

சரிசெய்வது எப்படி?

1. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதாக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுப்பது கட்டாயம்.

2. தொட்டி முழுதாகக் காலியான பிறகு அடித்தகட்டைக் கழற்றலாம். தொட்டிக்கு அடியில் அகலமான பிளைவுட் பலகை வைத்து, ஜாக்கியால் மெல்ல மேலே ஏற்ற வேண்டும். பலகை இல்லாமல் தூக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஏற்றும்போது குழாய் இணைப்புகள் எங்கும் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. பழைய தகரப் பட்டைக்குப் பதில் கனமான இரும்புக் கோணச் சட்டம் அல்லது துளையிட்ட இரும்புச் சேனல். ஒரு பக்கச் சேஸிஸிலிருந்து மறுபக்கச் சேஸிஸ் வரை எட்ட வேண்டும். தொட்டியின் நீளத்தைப் பொறுத்து மூன்று, நான்கு சட்டங்கள் கொடுக்கலாம். இரும்பும் பிளாஸ்டிக்கும் உரசாமல் இருக்க நடுவில் ரப்பர் பட்டை வைக்க வேண்டும்.

4. ஸ்க்ரூ வேண்டாம். போல்ட், வாஷர், கழன்று வராத லாக் நட் போட வேண்டும். சேஸிஸின் அடி விளிம்பில் கண்டபடி ஓட்டை போட்டால் வண்டியின் முதுகெலும்பே பலவீனமாகும். விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் நல்லது. ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் தயாரிப்பாளரையோ, அனுபவமுள்ள மெக்கானிக்கையோ கேட்டுவிட்டுச் செய்யலாம்.

5. தொட்டி இருக்கும் இடத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி, மரத்தரை, சமையல் கேஸ் குழாய் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

6. காற்றுக் குழாயை ஊதிப் பார்த்து அடைப்பை எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புதுச் சட்டமும் வளையும்.

வேலை முடிந்ததும் உடனே முழுதாக நிரப்ப வேண்டாம். முதலில் கால், பிறகு பாதி, கடைசியில் முழுதாக. ஒவ்வொரு முறையும் அடியில் பார்த்து, கொஞ்ச தூரம் ஓட்டி, நட்டுகளை மறுபடி சோதிப்பது நல்லது. குடிக்கும் தண்ணீர் என்பதால் கிருமிநீக்கமும் அவசியம். 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வாசனை சேர்க்காத பிளீச் என்பது அங்கே வழக்கமான அளவு. அதைத் தண்ணீரில் கலந்து நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசிவிடுவார்கள்.

புகார் சொல்லலாம்

கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே சரிசெய்துவிட்டு அமைதியாக இருந்துவிடுவது உண்டு. தவறு. வண்டி புதிது என்றால் முதலில் வாரன்ட்டியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம். பாதுகாப்புக் குறை என்று உறுதியானால், நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஒருவர் எழுதும் புகார், அதே மாடலில் பயணிக்கும் முகம் தெரியாத இன்னொரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

சொந்த வண்டியோ, விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்ததோ... கிளம்பும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அதோடு ஒரு நிமிடம் குனிந்து, டார்ச் அடித்து அடிவயிற்றையும் பார்த்துவிடுங்கள். முகாம் வரை தண்ணீரும் வரும், பின்னால் வருபவரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.