மனநலப் பயிற்சியில் சாதி எங்கே?

நம்மைப் பார்க்கும் மனநல மருத்துவர் கடைசியாக எப்போது புதிதாக ஒன்றைப் படித்தார் என்று நாம் யாரும் கேட்பதில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ பஸ் ஏறிப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போனால் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்பதோடு அது முடிந்துவிடும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு மாத்திரை கிடைத்ததே பெரிது. அவர் எங்கே கேள்வி கேட்பார்? அவருக்காக நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மருத்துவர்களுக்கு விதி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த நடத்தை விதிகள், ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம். நம் ஊரில் நாத்து நடப் போகும் பெண்ணின் ஒரு நாள் வேலை நேரம்கூட இல்லை. அந்த ஆறு மணி நேரமும் பெரும்பாலும் புது மாத்திரை, புது அளவு, புதுப் பக்கவிளைவு என்றே கழிகிறது. மாத்திரையைப் பற்றிப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாத்திரை பலருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நோய்க்கான காரணங்களைப் பற்றி வந்த ஆராய்ச்சி அந்த அறைக்குள் நுழைகிறதா என்பதே நம் கேள்வி.

ஒரு ஆய்வைச் சொல்கிறோம். ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி என்ற இரு ஆய்வாளர்கள், உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் நடத்திய கணக்கெடுப்பை எடுத்து ஆராய்ந்து 2020இல் கட்டுரை வெளியிட்டார்கள். மனச்சோர்வும் பதற்றமும் மற்ற இந்துக்களைவிடத் தலித்துகளிடமும் முஸ்லிம்களிடமும் அதிகம் என்று கண்டார்கள். வறுமைதானே காரணம் என்று நினைப்போம். சொத்து, படிப்பு, செலவு செய்யும் சக்தி, கிராமமா நகரமா என எல்லாவற்றையும் சமப்படுத்திக் கணக்கிட்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. ஒரே அளவு படிப்பும் வசதியும் உள்ள இருவரில், சேரியிலிருந்து வந்தவர் மனம் கூடுதல் பாரம் சுமக்கிறது.

இது மருத்துவருக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் பெரிது. கல்லூரிக்குப் போன முதல் ஆண்டிலேயே தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகப் பயந்து ஒரு மாணவி வருகிறாள். 'கோட்டாவில் வந்தவள்தானே' என்று பின்பெஞ்சில் ஒரு குரல் தினமும் கேட்கிறது. அவளாக அதைச் சொல்ல மாட்டாள். சொன்னால் நம்புவார்களா என்ற பயம். ஆலோசகரும் கேட்பதில்லை. 'எதையும் மனசில் போட்டுக்காதம்மா, நல்லதையே நினை, யோகா செய்' என்று அனுப்பிவிடுகிறார். அவமானம் செய்தவனை விட்டுவிட்டு, அவமானப்பட்டவளின் மனத்தைப் பலவீனம் என்று எழுதிவைக்கிற வைத்தியம் இது. அடுத்த முறை அவள் வர மாட்டாள். சிகிச்சையை நோயாளி பாதியில் விட்டுவிட்டார் என்று பதிவேட்டில் குறிப்பார்கள்.

நோயாளியிடம் சாதி பேசுவதே பாகுபாடு இல்லையா என்று சில மருத்துவர்கள் நேர்மையாகவே சங்கடப்படுகிறார்கள். என்ன சாதி என்று கேட்கச் சொல்லவில்லை. விடுதியில், டீக்கடையில், கோயில் வாசலில், வேலைக்குப் போன வீட்டில் சாதியைச் சொல்லி யாராவது உன்னை ஏதாவது செய்தார்களா என்று கேட்டால் போதும். வீட்டில் அடிக்கிறார்களா என்று பெண்களிடம் கேட்க மருத்துவர்கள் பழகிக்கொண்டது போல இதையும் பழகலாம். கேட்கிற விதம் ஒரு திறமை. அதைத்தான் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

பழைய பாடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் மனநல மருத்துவம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பி ஓடும் கறுப்பின அடிமைக்கு இருப்பது ஒரு மனநோய் என்று பெயர் வைத்தார். நூறு ஆண்டுகள் கழித்து உரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் எழுந்தபோது, அவர்களின் கோபத்தை மனச்சிதைவு நோயாகப் பதிந்த கதையை ஜொனாதன் மெட்சல் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் இனவெறிக்கு 2021 ஜனவரியில்தான் மன்னிப்புக் கேட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தன்பாலின ஈர்ப்பு நோயல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே முடிவு செய்துவிட்டது. ஆனால் நம் மருத்துவ மாணவர்களின் புத்தகங்கள் அதைப் பிழை என்றே சொல்லிக்கொண்டிருந்தன. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று தாமே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். அதன் பிறகே புத்தகங்களைத் திருத்தும் வேலை தொடங்கியது. 'மாற்றுகிறோம்' என்று சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அறிவியல் முடிந்த முடிவாகச் சொன்னது நம் வகுப்பறைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. சாதியும் மனநலமும் பற்றிய ஆராய்ச்சிக்கும் அதே முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதியின் பெயரால் பாகுபாடில்லாமல் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. 31ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளின் எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையில் பயிற்சி தருவதை அரசின் கடமை ஆக்கியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர்களைப் பத்து ஆண்டுகளில் எட்ட முயல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. 2028 தூரத்தில் இல்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றிலும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மனநலப் பயிற்சி கட்டாயம் என்றும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகக் கற்றுத்தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் நம் ஆதிதிராவிடர் விடுதிகளின் காப்பாளரும் சமையலரும்கூட இதில் அடக்கம். விடுதி மாணவர்களே, உங்கள் விடுதியில் இந்தப் பயிற்சி நடந்ததா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எல்லோருக்கும் பயிற்சி தர ஆள் எங்கே என்ற பதில் வரும். ஆள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஆராய்ச்சி விடை வைத்திருக்கிறது. கோவாவில் மனச்சோர்வு கண்டவர்களுக்கு, மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்துப் பேச்சு சிகிச்சை தரவைத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது என்று 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இன்னும் பக்கத்தில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சிநேகா அமைப்பைச் சேர்ந்த லட்சுமி விஜயகுமாரும் சக ஆய்வாளர்களும் ஊருக்குப் பொதுவாகப் பூச்சிமருந்துப் பெட்டகம் வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கொரு பூட்டு, வீட்டில் மருந்து இருக்காது. அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்ததை 2013இல் எழுதினார்கள். பழைய தென்னார்க்காட்டில் நடந்த இந்தச் சோதனை நம் மாவட்டத்து ஆலோசகர்களின் விரல்நுனியில் இருக்க வேண்டாமா? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண்களுக்கு இதையும் கற்றுத்தரலாம். காலனியில் பிறந்த பெண் காலனிக்குள் வந்து கேட்டால் வாய் திறக்காதவரும் பேசுவார்.

அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குத் திரளும் கூட்டத்தில் மனநோய்க்கு விடிவு தேடுவோரும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யும் பகுத்தறிவு நமக்கு வேண்டாம். 2001இல் ஏர்வாடித் தீ 28 உயிர்களைக் குடித்த பிறகு, அங்கே தர்காவிலேயே தொழுகையோடு மருத்துவமும் கிடைக்கும்படி பின்னாளில் ஏற்பாடு செய்தார்கள். மேல்மலையனூரிலும் ஒரு மனநல மேசை போடலாம். அங்கே உட்காருபவர், பேய் பிடித்தது என்று சொல்லும் பெண்ணிடம் அந்தப் பேய் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். 2023இல் மேல்பாதியில் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அடி விழுந்தது. கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு, இழப்பீடு, அமைதிக் கூட்டம் என்று நாம் பேசியிருக்கிறோம். அடிபட்டவர்களும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் எப்படித் தூங்குகிறார்கள் என்பதைப் போதுமான அளவு பேசவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தரச் சொல்கிறது. மனக்காயத்துக்கான சிகிச்சை அதில் முதல் வரியாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்த ஊரில் நடந்தது மருத்துவருக்கு நினைவு வர வேண்டும். அதுவும் பயிற்சிதான்.

ஒன்று பாக்கி இருக்கிறது. குப்தாவும் காஃபியும் ஆராய்ந்த கணக்கெடுப்பு ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. 2011 கணக்குப்படி பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். இங்கே எடுக்காத கணக்கை எங்கே எடுப்பது? விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள், முண்டியம்பாக்கம் மனநலத் துறையின் வழிகாட்டுதலோடு இதைத் தொடங்கலாம். மனம் கனக்கும் நேரத்தில் எந்தப் பேராசிரியரின் அனுமதிக்கும் காத்திராமல் 14416க்கு அழைக்கலாம், அழைப்பு இலவசம். மறுமுனையில் பேசுபவர் உங்கள் விடுதியைப் பற்றி, உங்கள் தெருவைப் பற்றி என்ன கேட்டார், எதைக் கேட்கவில்லை என்பதை இந்தப் பத்திக்கு எழுதுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் அடுத்த பயிற்சி வகுப்புக்கு அதைத் தொகுத்து அனுப்புவோம்.