அப்பீல் போனால் தீர்ப்பும் போகுமா?

கோர்ட்டுப் படி ஏறிய குடும்பங்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பீல் ஒழிந்தால், கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பும் ஒழிந்தது என்று அர்த்தம் அல்ல.

ஓர் உதாரணம் பார்ப்போம். நசரத்பேட்டையில், பெங்களூர் சாலையோரம், அடுத்தடுத்த மனைக்காரர்கள் இருவர். "என் மனையில் மூன்றடி தள்ளிச் சுவர் வைத்துவிட்டார்" என்று ஒருவர் பூந்தமல்லி கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். "மூன்றடியும் அவருடையதே. சுவரை இடிக்க வேண்டும்" என்று தீர்ப்பாகிறது. சுவர் வைத்தவர் அப்பீல் செய்கிறார்.

அப்பீல் விசாரணைக்கு வருமுன், சாலையை அகலப்படுத்த அரசாங்கம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. சுவர் போய்விட்டது. "இடிக்கச் சுவரே இல்லை, இனி அப்பீல் எதற்கு?" என்று அது தள்ளுபடி ஆகிறது. "விட்டது தொல்லை" என்று அவரும் வீடு திரும்புகிறார்.

விட்டதா? நஷ்டஈட்டுப் பணம் வரும்போது, பக்கத்து மனைக்காரர் பழைய தீர்ப்பை நீட்டுகிறார். "மூன்றடிக்கு உரிய பணம் எனக்கே!"

அரசாங்கமே ஏமாந்தது

அமெரிக்காவில் அரசாங்கத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது. மன்சிங்வேர் என்ற துணிக் கம்பெனி அதிக விலைக்கு விற்றதாக அரசாங்கம் வழக்குப் போட்டது. விலை சரிதான் என்றது கீழ்க் கோர்ட்டு. அப்பீல் நடக்கும்போதே விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. கீழ்த் தீர்ப்பை ரத்து செய்யும்படி அரசாங்கம் கேட்கவில்லை. பிறகு நஷ்டஈடு கேட்டபோது, அந்தத் தீர்ப்பே குறுக்கே நின்றது. "கேட்காதது உங்கள் தவறு" என்று 1950-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்துவிட்டது.

நம் நாட்டில், 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, முடிந்த விவகாரத்தை மறுபடி கிளற முடியாது. காலம் கடந்ததாலோ, ஆவணங்களை அச்சிடாததாலோ அப்பீல் தள்ளுபடி ஆனாலும் கீழ்த் தீர்ப்பு நிலைக்கும் என்று 1966-ல் நமது சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஜெயித்தவர் பக்கமும் நியாயம் உண்டு. தோற்றவர் தாமே சமரசம் செய்துகொண்டு, தீர்ப்பை மட்டும் அழிக்கச் சொல்வது முறையல்ல. ஆனால் தம் குற்றம் எதுவும் இல்லாமல் அப்பீல் வாய்ப்பை இழந்தவர் என்ன செய்வார்?

வாய் திறந்து கேட்கவேண்டும். "நஷ்டஈட்டுப் பிரச்சினை பாக்கி இருக்கிறது, அப்பீலை விசாரியுங்கள். இல்லையேல் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்யுங்கள். அதுவும் இல்லையேல், உரிமைப் பிரச்சினை முடிவாகவில்லை என்றாவது எழுதுங்கள்" என்று வக்கீல் மூலம் மனுக் கொடுக்கவேண்டும்.

அப்பீல் கட்டை மூடுமுன் அந்த ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றடி மண் அந்த ஒரு வரியில் இருக்கிறது.