வாங்க மறுத்தோரின் வழக்கு

இங்கிலாந்தின் வடமேற்கே மெர்சி ஆற்றங்கரையில் உள்ள லிவர்பூல் நகரத்தில், 'தி சன்' என்ற நாளிதழை வாங்காத வீடுகளும் விற்காத கடைகளும் 1989ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை இருந்து வருகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது இலட்சம் பிரதிகள் விற்று, நாட்டின் மற்ற நாளிதழ்களை அந்த ஏடு விஞ்சி நின்ற காலத்தில் தொடங்கிய இப்புறக்கணிப்பை, அப்போது பிறந்தே இராதவர்களும் தங்கள் பெற்றோரிடமிருந்து ஏற்றுத் தொடர்கின்றனர். இதனை ஆறாத வன்மம் என்றும், மன்னிக்கத் தெரியாத ஊரின் பிடிவாதம் என்றும், பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஒவ்வாத கும்பல் மனப்போக்கு என்றும் குறைசொல்வோர் உண்டு. அக்குறைகள் மூன்றும் பிழையானவை. சட்டமும் பத்திரிகைத் துறையும் தரத் தவறிய பரிகாரத்தை, எளிய வாசகர்கள் தம் கைவசம் இருந்த ஒரே வழியில் தாமே தேடிக்கொண்ட செயல் அது. அதை நிறுத்திக்கொள்ளும்படி அவர்களைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

நடந்தது என்ன என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் இடையே எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. நின்று பார்ப்பதற்கான சீட்டுப் பெற்ற 10,100 லிவர்பூல் ரசிகர்கள், லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் ஏழே சுழல்கதவுகள் வழியாக, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும் சுழலும் இரும்புத் தடுப்புகள் வழியாக, நுழைய வேண்டியிருந்தது. வாயிலுக்கு வெளியே நெரிசல் முற்றவே, தம் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத காவல்துறைத் தலைமைக் கண்காணிப்பாளர் டேவிட் டக்கன்ஃபீல்டு, 'சி' கதவு எனப்பட்ட அகன்ற வெளியேறு வாயிலைத் திறக்க ஆணையிட்டார். அது திறக்கப்பட்டது பிற்பகல் 2.52 மணிக்கு. அதன்வழி நுழைந்த ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் பலர், எதிரே தெரிந்த சுரங்கவழியில் இறங்கி, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தனர். அடைப்பு என்பது, ரசிகர்கள் ஆடுகளத்தில் இறங்கிவிடாதபடி முன்புறமும் பக்கங்களும் கம்பிவேலியிட்டு மூடப்பட்ட, நின்று பார்க்கும் படிக்கட்டுப் பகுதி. சுரங்கவழியின் வாயை மறித்துக் கூட்டத்தை இடமிருந்த பக்க அடைப்புகளுக்குத் திருப்பிவிட்டிருக்க வேண்டும். அவ்வாறு செய்ய எவருக்கும் ஆணையிடப்படவில்லை. 3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது, வேலியோடு நசுக்குண்டவர்கள் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்தனர். அன்றைய காயங்களின் விளைவால் 2021இல் உயிர்நீத்த ஒருவரையும் சேர்த்து இறந்தோர் 97 பேர். அவர்களுள் இளையவருக்கு வயது பத்து.

பொய் அன்று பிற்பகலிலேயே பிறந்துவிட்டது. ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு புகுந்துவிட்டனர் என்று, கதவைத் திறக்கச் சொன்ன டக்கன்ஃபீல்டே கால்பந்துச் சங்கத்தின் அதிகாரிகளிடம் கூறினார். சில மணி நேரத்தில் அது ஒலிபரப்புகளின் வழியே எங்கும் பரவியது. தாம் சொன்னது பொய்யென்று 2015இல், மரண விசாரணை மன்றத்தின் சாட்சிக் கூண்டில் நின்றபோதுதான் அவர் ஒப்புக்கொண்டார். தெற்கு யார்க்‌ஷயர் காவலர்கள் சிலரும், காவலர் சங்கத்தின் நிர்வாகியும், ஷெஃபீல்டு ஹாலம் தொகுதியின் கன்சர்வேடிவ் கட்சி நாடாளுமன்ற உறுப்பினரும் கூறியவற்றை ஷெஃபீல்டைச் சேர்ந்த ஒரு செய்தி முகமை தொகுத்து நாளிதழ்களுக்கு அனுப்பியது. ஏப்ரல் 19 அன்று 'தி சன்' ஆசிரியர் கெல்வின் மெக்கன்சி அதை முதல் பக்கத்தில் இட்டு, மேலே மிகப் பெரிய எழுத்தில் 'உண்மை' என்று தலைப்புக் கொடுத்தார். ரசிகர்கள் சிலர் பாதிக்கப்பட்டோரின் சட்டைப்பைகளில் திருடினர், காவலர்கள்மீது சிறுநீர் கழித்தனர், வாயோடு வாய் வைத்து உயிர்மூச்சு ஊட்டிய காவலரை அடித்தனர் என்ற மூன்று வரிகள் அதன்கீழ் நின்றன. விளம்பரப் பலகைகளைப் பிடுங்கித் தூக்குப் படுக்கையாக்கி, குற்றுயிராய்க் கிடந்தவர்களை அதில் ஏந்திக்கொண்டு ஆடுகளத்தின் குறுக்கே ஓடியவர்கள் அதே ரசிகர்கள்தாம். ஏட்டைக் கையில் எடுத்தவர்களில் சிலர், நான்கு நாட்களுக்கு முன் தம் பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் அடையாளம் காட்டிவிட்டு வந்தவர்கள்.

மற்ற ஏடுகளும் இதே குற்றச்சாட்டுகளை அச்சிட்டனவே, ஒன்றன்மீது மட்டும் ஏன் இந்தச் சினம் என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அக்கேள்விக்கான விடை பத்திரிகைத் தொழிலின் அடிப்படைப் பாடத்திலேயே இருக்கிறது. 'காவலர்கள் இவ்வாறு கூறுகின்றனர்' என்று எழுதும்போது, சொன்னவர் யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று எடைபோட்டுப் பார்க்க வாசகருக்கு வழி திறந்திருக்கிறது. சொன்னவரை மறைத்துவிட்டு 'உண்மை' என்று எழுதும்போது, ஏடு தானே சாட்சியாகவும் தானே நீதிபதியாகவும் ஆகிவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லை ஆசிரியர் அறிந்தே தேர்ந்தெடுத்தார். செய்தியை எழுதிய செய்தியாளரே அத்தலைப்பைக் கண்டு திகைத்துப் போனதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். விசாரணைக்கு ஆளாகவிருந்த காவல்துறை தன் பிழையை இறந்தவர்கள்மேல் ஏற்றிவிட முனைந்திருந்த அந்த வாரத்தில், அதன் கூற்றை ஐயுற வேண்டியதே ஒரு நாளிதழின் முதற்கடமை. 'தி சன்' அக்கூற்றுக்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

இனி, இகழப்பட்டவர்களுக்கு என்ன வழி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் அவதூறு வழக்கு, அதாவது பொய்யுரையால் நற்பெயர் இழந்தவர் இழப்பீடு கேட்டுத் தொடுக்கும் வழக்கு, உயிரோடு இருப்பவருக்கு மட்டுமே உரியது. இறந்தவரின் பெயருக்காக அவருடைய தாயோ தந்தையோ வழக்குத் தொடுக்க முடியாது. உயிரோடு இருப்பவரும், எழுதப்பட்டது குறிப்பாகத் தம்மையே சுட்டுகிறது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோரைப் பொதுவாக 'ரசிகர்கள் சிலர்' என்று இகழ்ந்தால், அவர்களில் எந்த ஒருவரும் நீதிமன்றப் படியேற இயலாது. ஒருவரைத் திருடர் என்று எழுதும் ஏடு தண்டனைக்கு அஞ்ச வேண்டும். ஓர் ஊரையே அவ்வாறு எழுதும் ஏடு அஞ்ச வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். அக்காலத்துப் பத்திரிகை மன்றம் அத்தலைப்பைக் கண்டித்ததே தவிர, அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை.

நீதிமன்றமும் இல்லை, மன்றத்துக்கும் பல் இல்லை என்ற நிலையில் எஞ்சியிருந்தது வாங்காமை ஒன்றே. லிவர்பூலை அடுத்த கர்க்பியில் பெண்கள் அந்த ஏட்டின் பிரதிகளைத் தெருவில் இட்டுக் கொளுத்தினர். கடைக்காரர்கள் கட்டுகளைத் திருப்பி அனுப்பினர். லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைடு வட்டாரம் முழுவதிலும் விற்பனை சரிந்து விழுந்தது. புறக்கணிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே, 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகையாளர்களை வெளியேற்ற முனைந்த பண்ணை மேலாளர் கேப்டன் பாய்காட்டுக்கு ஊரார் வேலை செய்யவும் பொருள் விற்கவும் மறுத்ததிலிருந்து தோன்றியது. அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் கடல் கடந்து வந்த அந்நாட்டவரின் வழித்தோன்றல்கள் நிறைந்த லிவர்பூல், அந்த முறையை அந்நியமாகக் கருதியிருக்க வாய்ப்பில்லை. வெளியிலிருந்து எந்த அமைப்பும் இதைத் தொடங்கி வைக்கவில்லை. லிவர்பூலின் பரம எதிரிகளான எவர்ட்டன் அணியின் ரசிகர்களும் இதில் ஒன்றாக நின்றனர் என்பது, இது கால்பந்துப் பகையின் தொடர்ச்சி அன்று என்பதற்குப் போதிய சான்று.

ஏடு மன்னிப்புக் கேட்ட பின்னும் தொடர்வது நியாயமா என்பதே இப்போது வலுவாக வைக்கப்படும் எதிர்வாதம். அதற்கு விடை காண நாட்களின் வரிசையைப் பார்த்தாலே போதும். நீதிபதி டெய்லர் தலைமையிலான விசாரணையின் இடைக்கால அறிக்கை 1989 ஆகஸ்டிலேயே, அதாவது நான்கே மாதத்தில், பேரிடருக்கு முதன்மைக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே என்று அறிவித்தது. ரசிகர்கள்மீது சுமத்தப்பட்ட இழிவான குற்றச்சாட்டுகளை மெய்ப்பிக்கச் சாட்சி எவரும் முன்வரவில்லை என்றும் பதிவு செய்தது. அன்றே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட்டிருந்தால், முதலில் வந்த செய்தியை வெறும் தவறு என்று ஏற்பதற்கு இடமிருந்தது. ஏடு அதைச் செய்யவில்லை. 1993இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வருத்தம் தெரிவித்த மெக்கன்சி, ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சொன்னதை நம்பியதே தம் பிழை என்றார். 2006இல் ஒரு விருந்துக் கூட்டத்தில், தமக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை என்று பேசியதாகச் செய்தி வந்தது. 2004இல் ஏடு முழுப் பக்க மன்னிப்பு வெளியிட்டது; ஆனால் லிவர்பூலில் பிறந்த வெய்ன் ரூனி தம் கதையை அந்த ஏட்டுக்கு விற்றதால் ஊரில் எழுந்த கொதிப்பைத் தணிக்க வேண்டிய வேளையில் வந்த மன்னிப்பு அது. முதல் பக்கத்தில் 'உண்மையான உண்மை' என்ற தலைப்போடு திருத்தம் வந்தது 2012 செப்டம்பர் 13 அன்று. லிவர்பூல் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான தனிக்குழு, காவலர்களின் 164 வாக்குமூலங்கள் மாற்றப்பட்டதையும், அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்ததையும், குழந்தைகள் உட்பட இறந்த அனைவரின் இரத்தத்திலும் மது அளவு சோதிக்கப்பட்டதையும் ஆவணங்களோடு வெளியிட்ட மறுநாள் அது. பிரதமரே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்ட பிறகு ஓர் ஏடு கேட்கும் மன்னிப்பு, வேறு போக்கிடம் இல்லாத நிலையில் கேட்டது என்று ஊரார் கருதினால் அவர்கள்மேல் பழி இல்லை. 2016 ஏப்ரல் 26 அன்று, இரண்டாண்டுக்கும் மேல் நடந்த மரண விசாரணையில், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்கள்மேல் குற்றமில்லை என்றும் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மறுநாள் 'தி சன்' ஏட்டின் உட்பக்கங்களில் அத்தீர்ப்பு இருந்தது, முதல் பக்கத்தில் இல்லை. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பொய்க்குக் கிடைத்ததோ அந்த முதல் பக்கம்.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வாதத்தை ஒதுக்கிவிடாமல் எடைபோட வேண்டும், ஏனெனில் அதில் பாதி மெய் உள்ளது. எழுதும் உரிமை என்பது வாசிக்கப்படும் உரிமை அன்று; காசு கொடுத்து வாங்குபவர் வாங்க மறுப்பதால் எந்த அச்சகமும் பூட்டப்படுவதில்லை, எந்த ஆசிரியரும் சிறை செல்வதில்லை. ஆனால் 2017இல் லிவர்பூல் கால்பந்துக் கழகமும், அதன்பின் மெக்கன்சி எழுதிய இழிவான பத்தி ஒன்றையடுத்து எவர்ட்டன் கழகமும், அந்த ஏட்டின் செய்தியாளர்களைத் தம் மைதானங்களுக்குள் விட மறுத்தது வேறு வகையான செயல். வாசகர் தம் காசை மறுப்பதும், பெரும் பணமும் அதிகாரமும் கொண்ட ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி எழுதுபவர் யார் என்று தானே தீர்மானிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் எளியவர் வலியவரிடம் கணக்குக் கேட்கிறார், பின்னதை நாளை வேறொரு கழகம் தன் ஊழலை எழுதும் செய்தியாளருக்கு எதிராகவும் கையாளலாம். அந்தக் கழகங்களின் மனவருத்தம் முழுதும் நியாயமானது என்றாலும், வாயிலை அடைக்கும் அதிகாரத்தை அவை பயன்படுத்தாதிருந்தால் மக்களின் புறக்கணிப்பு இன்னும் தூய்மையாக நின்றிருக்கும். அதுபோலவே, அந்த ஏட்டை வாங்க விரும்பும் ஒருவரை அண்டை வீட்டார் மிரட்டினால் அது புறக்கணிப்பு ஆகாது.

இப்புறக்கணிப்பால் மெர்சிசைடு மக்களிடம் ஐரோப்பிய ஒன்றியத்தின்மீதான எதிர்ப்பு, ஒப்பிடத்தக்க மற்றப் பகுதிகளைவிடக் குறைந்தது என்று ஃப்ளோரியன் ஃபூஸ், டானியல் பிஷோஃப் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். நாள்தோறும் வாசிக்கும் ஏடு மனத்தை எவ்வளவு ஆழமாக உருவாக்குகிறது என்பதற்கு அது அரிய சான்று. ஆனால் அதைக் கொண்டு புறக்கணிப்பைப் புகழ்வது பொருந்தாது. விளைவு வேறுவிதமாக இருந்திருந்தாலும், பிள்ளையைப் புதைத்த தாய் அந்த ஏட்டை வீட்டுக்குள் விடாததன் நியாயத்தில் ஓர் இம்மியும் குறைந்திராது.

97 பேரின் சாவுக்காக ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. 2019இல் டக்கன்ஃபீல்டு விடுவிக்கப்பட்டார். மைதானத்தின் அன்றைய பாதுகாப்பு அலுவலர்மீது விதிக்கப்பட்ட 6,500 பவுண்டு அபராதமே பேரிடருக்காக நீதிமன்றம் வழங்கிய ஒரே தண்டனை. விசாரணைகளில் மறைக்காமல் உண்மை உரைப்பதை அரசு அலுவலர்களின் சட்டக் கடமையாக்கும் மசோதா, ஹில்ஸ்பரோ சட்டம் என்ற பெயரில் குடும்பங்கள் பல்லாண்டு போராடிக் கேட்டது, 2025 செப்டம்பரில்தான் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அது அலுவலர்களை நோக்கியது; அவர்களின் பொய்க்கு 'உண்மை' என்று தலைப்பிடும் ஏட்டை நோக்கியதன்று. பிழைகளை 'உரிய முக்கியத்துவத்துடன்' திருத்த வேண்டும் என்றே பிரித்தானியப் பத்திரிகைகளின் நெறிமுறை இன்றும் கூறுகிறது. உரியது எது என்பதை முதலில் தீர்மானிப்பவர் பிழை செய்த ஆசிரியரே. அந்தத் தெளிவற்ற நெறியின் இடத்தில், பொய் வெளியான அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், விசாரணையின் முடிவு வெளிவந்த ஒரு வாரத்துக்குள் திருத்தம் அச்சிடப்பட வேண்டும் என்ற தெளிவான விதி எழுதப்பட வேண்டும். அத்தகைய விதி இருந்திருந்தால் 1989 ஆகஸ்டிலேயே கர்க்பியின் தாய்மார்கள் தம் பிள்ளைகளின் பெயர் துலங்கியதை முதல் பக்கத்தில் கண்டிருப்பார்கள்.